இணைய வெள்ளைப் பலகையை யார் அழிப்பது?

கூட்ட அறையில் உள்ள வெள்ளைப் பலகையை அடுத்து வருகிறவர் அழித்துவிடுவார். அணியினர் தத்தம் கணினியிலிருந்து சேர்ந்து எழுதும் மீரோ, மியூரல், ஃபிக்ஜாம் போன்ற இணையப் பலகைகளை யாரும் அழிப்பதில்லை. அணிகளுக்கு இந்தக் கருவிகளை அமைத்துக் கொடுத்துப் பழக்குவது என் தொழில். புதிய அணியிடம் சென்றதும் அவர்களுடைய பழைய பலகைகளைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். வாடிக்கையாளரின் தொலைபேசி எண், சோதனைக் கணக்கின் கடவுச்சொல், வெளியிடாத விலைப்பட்டியல், யாரைப் பணியிலிருந்து விடுவிக்கலாம் என்று விவாதித்த ஒட்டுத்தாள்... எல்லாம் அப்படியே கிடக்கும். பொறுப்பில்லாதவர்கள் எழுதியவை என்று இவற்றைச் சொல்ல மாட்டேன். பேச்சு சூடுபிடித்த நேரத்தில் எழுதியவை. பிறகு எவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இந்தக் கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழுவாகக் கூடி யோசிக்கும்போது, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பதே யோசனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்பதை 1987இல் டீல், ஸ்ட்ரோப என்ற உளவியலாளர்கள் சோதனைகளில் காட்டினார்கள். இணையப் பலகையில் அந்தக் காத்திருப்பு இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம். கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குகிறவரின் யோசனையும் பலகைக்கு வந்துவிடுகிறது. இது பெரிய நன்மை. அதனால்தான் பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

சிக்கல் பெரும்பாலும் பகிர்வு அமைப்பில், அதாவது பலகையை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்ற தேர்வில் தொடங்குகிறது. கூட்டம் தொடங்கும் நேரத்தில் வெளியாள் ஒருவரால் உள்ளே வர முடியாது. அவசரத்தில், 'இணைப்பு (link) உள்ள எவரும் திருத்தலாம்' என்று மாற்றிவிடுகிறார்கள். கூட்டம் முடிந்தபின் அதைத் திரும்ப மூடுவது யாருடைய வேலை என்று எவரும் சொல்லி வைக்கவில்லை. அந்த இணைப்போ மின்னஞ்சல், அரட்டைக் குழு, நாட்காட்டி அழைப்பு என்று பரவிவிட்டது. நிறுவனத்தை விட்டுப் போன ஊழியரின் கணக்கைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு அன்றே முடக்கிவிடும். ஆனால் கணக்கே கேட்காத பலகைக்கு அந்த முடக்கத்தால் என்ன பயன்? இணைப்பைக் குறித்து வைத்திருந்தால் அவர் எப்போதும் உள்ளே வரலாம்.

தகவலைச் சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். எக்ஸ்காலிட்ரா என்ற இணையப் பலகையில் சேர்ந்து வரையும்போது, இடையிலுள்ள சேவையகமும் படிக்க முடியாத முனைக்கு முனை மறையாக்கம் உண்டு. ஆனால் அதைத் திறக்கும் சாவி அந்த இணைப்புக்குள்ளேயே இருக்கிறது. இணைப்பு கைமாறினால் சாவியும் கைமாறுகிறது.

நான் அணிகளிடம் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு பலகையின் மேல் மூலையிலும் பொறுப்பாளரின் பெயரும் பலகையை மூடும் தேதியும் இருக்க வேண்டும். வெளியாட்களுக்குத் திருத்தும் உரிமை கூட்டம் முடியும்வரை மட்டுமே. கூட்டத்தை நடத்துகிறவர் விடைபெறும் முன் அந்த உரிமையை நீக்கிவிட வேண்டும். கடவுச்சொல்லைப் பலகையில் எழுதவே கூடாது. எழுதிவிட்டால், ஒட்டுத்தாளை நீக்குவதோடு நின்றுவிடாதீர்கள். பல கருவிகள் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கின்றன. கடவுச்சொல்லையே மாற்றுங்கள்.

எடுத்த முடிவுகளை அன்றே ஓர் ஆவணத்தில் தேதியிட்டு எழுதி வையுங்கள். கூகுளின் ஜாம்போர்டு என்ற இணையப் பலகை 2024 அக்டோபர் 1 முதல் பார்வைக்கு மட்டும் என்றாகி, டிசம்பர் 31 அன்று நின்றே போனது. முடிவுகள் பலகையில் மட்டும் இருந்தால், கருவியோடு அவையும் போய்விடும்.

உங்கள் அணியின் மிகப் பழைய பலகையின் இணைப்பை இன்றே நகலெடுத்து, உலாவியின் மறைநிலைச் (incognito) சாளரத்தில் திறந்து பாருங்கள். உள்நுழையச் சொல்லாமல் பலகை திறந்தால், அந்த இணைப்பு கிடைத்த எவருக்கும் அப்படியே திறக்கும். பகிர்வு அமைப்பை உடனே மாற்றிவிட்டு, அடுத்த பலகைக்குச் செல்லுங்கள்.