செகண்ட் ஹேண்ட் பிரெஸ்ட் பம்ப்: கிருமியோடு மோட்டாரையும் யோசியுங்கள்

பேறுகால விடுப்பு முடியும் நேரம் நெருங்கினால் போதும், தாய்ப்பால் எடுக்கும் பம்ப் பற்றி இந்தக் கேள்வி வந்துவிடும். "சிஸ்டர், எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தங்க பாதி விலைக்கு பம்ப் போட்டிருக்காங்க. மூணு மாசம்தான் யூஸ் பண்ணினாங்களாம். வாங்கிக்கட்டுமா?" சோழிங்கநல்லூர், பெருங்குடி பக்கம் ஐ.டி. வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள் இப்படிக் கேட்பார்கள். பெரம்பூர், மயிலாப்பூர் கூட்டுக் குடும்பங்களில் கேள்வி கொஞ்சம் மாறும்: "நாத்தனார் அவங்க பம்ப்பையே கொடுத்துட்டாங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

ஒரே பெண் பயன்படுத்துவதற்கென்று தயாரித்த மின்சார பம்ப்பாக இருந்தால், இரண்டு பேருக்கும் என் பதில் 'வேண்டாம்' என்பதுதான். கடைகளில் விற்கும் பம்ப்களில் பெரும்பாலானவை இந்த வகை. பெட்டியிலோ கையேட்டிலோ 'சிங்கிள் யூசர்' என்று போட்டிருக்கும். இவற்றை அக்கா தங்கைகூடப் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்பதே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்லும் அறிவுரை.

ஏன் என்று புரிய, பம்ப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மார்பில் வைக்கும் ஃப்ளேஞ்ச் என்கிற புனல், வால்வு, பாட்டில் ஆகியவை பால் படும் பாகங்கள். இவற்றைக் கழற்றலாம், கழுவலாம், கொதிக்க வைக்கலாம். மோட்டாரை அப்படி எதுவும் செய்ய முடியாது. புனலுக்கும் மோட்டாருக்கும் நடுவே குழாய் வழியாகக் காற்று போய் வந்துகொண்டே இருக்கும். 'ஓபன் சிஸ்டம்' பம்ப்களில் இந்தப் பாதையில் தடுப்பு கிடையாது. பாலின் ஈரமும் சில நேரம் பால் துளிகளும் குழாயில் ஏறி மோட்டார் வரை போய்விடும். உள்ளே பால் காய்ந்து படியும். நம் ஊர் புழுக்கத்தில் ஈரம் சீக்கிரம் காயாது, பூஞ்சை பிடிக்கும். அடுத்த அம்மா புதுப் புனல், புதுக் குழாய் எல்லாம் மாட்டினாலும், அந்தக் காற்று வருவது அதே மோட்டாரில் இருந்துதான்.

'க்ளோஸ்டு சிஸ்டம்' பம்ப்களில் நடுவே சிலிக்கான் தடுப்பு ஒன்று இருக்கும். பால் அதைத் தாண்டாது. அப்படியென்றால் பழையது வாங்கலாமே என்று கேட்பீர்கள். தடுப்பு கிழிந்த நிலையிலோ, சரியாக உட்காராமலோ முன்பிருந்தவர் எத்தனை நாள் ஓட்டினார் என்று உங்களுக்குத் தெரியாது. பல நேரம் அவருக்கே தெரியாது. ஓபனைவிட ஆபத்து குறைவு, அவ்வளவுதான். விளம்பரத்தில் 'ஹாஸ்பிடல் கிரேடு' என்று இருந்தால் அதையும் நம்பி வாங்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு எல்லோரும் ஏற்ற வரையறை இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்கிறது.

தொற்று என்றதும் எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்துப் பயப்படுவார்கள். அது தாய்ப்பால் வழியாகப் பரவும் என்பது உண்மை. சைட்டோமெகலோ வைரஸும் பாலில் வரும். நம் நாட்டில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் அது உடம்பில் இருக்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு அதனால் பொதுவாகத் தொல்லை வராது, குறைமாதக் குழந்தைக்கு வரலாம். காம்பு வெடித்து ரத்தம் கசிந்த நாட்களிலும் முன்பிருந்தவர் பம்ப் செய்திருக்கலாம். இப்படித் தொற்று வரும் வாய்ப்பு குறைவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் மோட்டாருக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. ஆகவே, "அவங்க ரொம்ப சுத்தமானவங்க சிஸ்டர்" என்பது இந்த விஷயத்தில் ஒரு பதிலே அல்ல.

என்னிடம் யாரும் கேட்காத கேள்வி மோட்டாரின் பலத்தைப் பற்றியது. பழைய பம்ப் வாங்கியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பதும் தொற்றை அல்ல, இதைத்தான். வீட்டுப் பம்ப்பின் மோட்டார் ஒரு பெண் ஒரு குழந்தைக்குப் பயன்படுத்தும் அளவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. தேயத் தேய இழுக்கும் விசை குறையும். சத்தம் அப்படியே இருக்கும், விளக்கு எரியும், கையில் வைத்தால் இழுப்பது போலவும் தெரியும். ஆனால் மார்பில் இருந்து பாலை முழுதாக எடுக்காது. பால் தங்கினால் மார்பு கட்டிக்கொள்ளும், சிலருக்குக் காய்ச்சலும் வரும். அது தொடர்ந்தால், எடுக்காத பாலுக்கு உடம்பு சுரப்பையும் குறைத்துவிடும். அம்மா பாட்டிலைப் பார்ப்பார், அடியில் கொஞ்சம்தான் இருக்கும். "எனக்குப் பால் வத்திப் போச்சு" என்று அழுவார். வீட்டுப் பெரியவர்கள் மறுநாளே பவுடர் டப்பா வாங்கி வந்துவிடுவார்கள். குற்றம் பம்ப்பில் இருக்கும், பழி அம்மா மேல் விழும்.

உங்கள் பம்ப் ஏற்கெனவே இப்படி ஆகியிருந்தால் முதலில் வால்வை மாற்றிப் பாருங்கள். வாத்து மூக்கு மாதிரி இருக்கும் அந்தச் சின்ன சிலிக்கான் துண்டு தளர்ந்துபோனாலே இழுவை நன்றாகக் குறைந்துவிடும். அதன் விலை அதிகமில்லை. அடுத்துப் புனலின் அளவு. பெரும்பாலும் 24 மி.மீ. புனல்தான் பெட்டியில் வரும், அது எல்லோருக்கும் பொருந்தாது. காம்பு புனல் சுவரில் உரசினாலும், சுற்றியுள்ள கருவட்டம் நிறைய உள்ளே இழுபட்டாலும் அளவு தப்பு. பழைய பம்ப்போடு வரும் புனல் முன்பிருந்தவரின் அளவு என்பதையும் மறக்காதீர்கள். அப்புறம் ஒன்று: குழந்தை குடித்து முடித்த பிறகு பம்ப் செய்து 30 மி.லி. வந்தால் அது குறைவே இல்லை. பம்ப்பில் வரும் அளவு உங்கள் சுரப்பின் அளவு அல்ல. குழந்தை நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்பதைப் பாருங்கள்.

சரி, புதிய மின்சார பம்ப் வாங்கக் கையில் காசில்லை என்றால்? முதலில், பம்ப் உங்களுக்குக் கட்டாயம் வேண்டுமா என்று யோசியுங்கள். குழந்தை நேரடியாகக் குடிக்கிறது, நீங்கள் வீட்டில்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால், எப்போதாவது ஒரு வேளை பால் எடுக்கக் கையே போதும். பிறந்த முதல் நாட்களின் சீம்பாலுக்குக் கைதான் சிறந்தது. துளித்துளியாக வரும் அந்தப் பால் பம்ப்பில் போட்டால் புனலிலும் வால்வுகளிலும் ஒட்டிக்கொண்டே வீணாகிவிடும். கட்டை விரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, காம்பின் அடியில் இருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். மார்புக்கூட்டை நோக்கிப் பின்னால் அழுத்தி, விரல்களைச் சேர்த்து நசுக்கி, விடுங்கள். தோலின் மேல் விரலை வழுக்கவிட வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நிமிடம் எதுவும் வராது, அங்கேயே பலர் விட்டுவிடுகிறார்கள். பிரசவ வார்டில் இதை ஒரு முறை கூடவே இருந்து சொல்லிக் கொடுத்தால், பம்ப் கேட்டு வரும் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அலுவலகத்தில் ஒன்றிரண்டு முறை மட்டும் எடுப்பவர்களுக்குக் கையால் இயக்கும் புதிய மேனுவல் பம்ப் பெரும்பாலும் போதும். பழைய மின்சார பம்ப்புக்குக் கொடுக்கும் காசில் அதுவே புதிதாகக் கிடைத்துவிடும். குழந்தை என்.ஐ.சி.யு. என்கிற பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் கதை வேறு. நாளுக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டியிருக்கும். அங்கே கையும் மேனுவலும் தாக்குப்பிடிக்காது. அப்போது பலர் பயன்படுத்துவதற்கென்றே செய்யப்பட்ட, மெடெலா சிம்பொனி போன்ற பம்ப்பை வாடகைக்கு எடுங்கள். ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள், மருத்துவக் கருவிகளை வாடகைக்கு விடும் கடைகளிலும் விசாரியுங்கள். மோட்டார் பொதுவாக இருக்கலாம். புனல், குழாய், வால்வு அடங்கிய கிட் உங்களுக்கென்று புதிதாக, பிரிக்காத பையில் வர வேண்டும். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

புதிதோ வாடகையோ, கழுவுவதில் அலட்சியம் வேண்டாம். 2016-ல் பென்சில்வேனியாவில் ஒரு குறைமாதக் குழந்தைக்குக் குரோனோபாக்டர் என்ற கிருமியால் கடும் தொற்று வந்தது. வீட்டில் பம்ப் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறப்போட்டு, தேய்க்காமலே அலசி எடுத்திருந்தார்கள். கிருமி அந்தப் பம்ப் பாகத்திலும் சிங்க்கின் வடிகாலிலும் இருந்தது. சிங்க்கில் போடாமல், இதற்கென்றே ஒரு பேசினும் பிரஷும் வைத்து, ஒவ்வொரு முறையும் உடனே தேய்த்துக் கழுவி, காற்றில் முழுதாகக் காயவையுங்கள். இரண்டு மாதத்துக்குள்ளான குழந்தை, குறைமாதக் குழந்தை என்றால் தினமும் ஒரு முறை கொதிக்க வைப்பதும் அவசியம். குழாயில் ஈரத் துளி நின்றால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடவிட்டுக் காயவைக்கலாம், பூஞ்சை தெரிந்தால் குழாயைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எடுத்த பால் 25 டிகிரி அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். நம் மே மாத வீடுகளுக்கு அந்தக் கணக்கு செல்லாது, ஏ.சி. இல்லையென்றால் நேரே ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கே நான்கு நாள் வரை இருக்கும்.

வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வழக்கமான ஓய்வு நேரத்தோடு கூடுதலாகத் தினம் இரண்டு இடைவேளை உங்களுக்கு உண்டு. பம்ப் செய்யப் போகும்போது மேனேஜரிடம் தயங்கித் தயங்கி அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நாத்தனார் விஷயத்துக்கு வருவோம். "நம்ம வீட்டுப் பொண்ணு பால்தானே, அதுல என்ன தோஷம்?" என்று மாமியார் கேட்பார். வீட்டில் விவாதித்து ஜெயிக்க முடியாத கேள்வி இது. "டாக்டர் கூடாதுன்னு சொல்லிட்டாங்க அத்தை" என்று எங்கள் மேல் போட்டுவிடுங்கள். அதற்காகத்தானே நாங்கள் இருக்கிறோம். பம்ப்போடு வந்த பாட்டில் வாமர், ஐஸ் பை, பால் சேமிக்கும் பிரிக்காத பைகள் எல்லாவற்றையும் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், கொடுத்தவர் மனமும் நோகாது.

நீங்களே பம்ப்பை முடித்துவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து குரூப்பில் விற்கப் போடாதீர்கள். இரண்டாவது குழந்தைக்கு நீங்களே பயன்படுத்தலாம். வால்வையும் குழாயையும் மாற்றிவிட்டு, இழுவை குறைந்திருக்கிறதா, பேட்டரியில் சார்ஜ் நிற்கிறதா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். இனி தேவையில்லை என்றால் பழைய மொபைல், சார்ஜர் கொடுக்கும் மின்கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுத்துவிடலாம்.