மூடிய பெட்டிக்குள் 60 பனியன்: எண்ணுவது எப்படி, ஒன்று குறைவது ஏன்?

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டேப் ஒட்டி மூடிய அட்டைப்பெட்டியை ஆர்.எஃப்.ஐ.டி. டனலுக்குள் தள்ளினால் உடனே 60 பீஸ் என்று திரையில் வந்துவிடுகிறது. உள்ளே பார்க்காமல் எப்படி எண்ணுகிறது? சில பெட்டிகளுக்கு மட்டும் 59 என்று காட்டுகிறது. பிரித்துக் கையால் எண்ணினால் 60 சரியாக இருக்கிறது. அது ஏன்?"

இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்வியின் பதிலுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம். ஆர்.எஃப்.ஐ.டி. என்பது பொருளில் உள்ள டேக்கை ரீடர் என்ற கருவி வானொலி அலையால் படிக்கும் முறை. டனல் என்பது ரீடரின் ஆன்டெனாக்கள் பொருத்திய கூண்டு.

பனியனில் தொங்கும் விலை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே நெளிநெளியாக ஓர் அலுமினியக் கோடும், அதன் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு கரும்புள்ளியும் தெரியும். கோடு ஆன்டெனா, புள்ளி சிப், இரண்டும் சேர்ந்ததுதான் டேக். பேட்டரி கிடையாது, ரீடரின் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் இந்த டேக்குகளைப் படிக்க 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005 முதல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் படிக்கப்படுவதும் இதே வரிசையில்தான். அமெரிக்காவில் 902–928 மெகாஹெர்ட்ஸ். நம் பனியன் கப்பலேறிப் போய் அங்கேயும் படிக்கப்பட வேண்டும் என்பதால், 860 முதல் 960 வரை எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும்படி ஆன்டெனாவை வடிவமைக்கிறார்கள். 866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 34.6 செ.மீ. அதில் பாதி நீளமுள்ள ஆன்டெனா நன்றாக வேலை செய்யும். 17 செ.மீ. கம்பியை விலை அட்டைக்குள் நுழைக்க முடியாது, அதனால்தான் அந்த நெளிவு.

ரீடர் 1 வாட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆன்டெனா அலையை ஒரு பக்கமாகக் குவிப்பதால் அந்தத் திசையில் 4 வாட்டுக்குச் சமமான வீச்சு கிடைக்கும். தடையில்லாத வெளியில் 10 மீட்டர் தள்ளி இருக்கும் டேக்குக்கு அதிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 50 மைக்ரோவாட். இன்றைய நல்ல சிப்புகள் விழித்துக்கொள்ள 10 மைக்ரோவாட்டுக்கும் குறைவாகவே போதும். விழித்த சிப் சொந்தமாக அலை எதையும் அனுப்புவதில்லை, அதற்கு அதனிடம் தெம்பும் இல்லை. தன் ஆன்டெனாவின் இரு முனைகளுக்கு இடையிலான மின்தடையை மாற்றி மாற்றி, தன்மேல் விழும் ரீடரின் அலையைச் சற்றுக் கூடுதலாகவும் சற்றுக் குறைவாகவும் திருப்பி அனுப்புகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் 0, 1. ரீடருக்குத் திரும்பி வருவது ஒரு நானோவாட் அளவுக்கு.

போகும்போதும் திரும்பும்போதும் தேய்வதால், திரும்பி வரும் சக்தி தூரத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரட்டித்தால் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு. 2016 நவம்பரில் 2,000 ரூபாய் நோட்டு வெளிவந்தபோது, அதற்குள் நானோ சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. படித்தவர்களும் நம்பினார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் பறப்பது சுமார் 20,000 கி.மீ. உயரத்தில். அது 10 மீட்டரைப் போல 20 லட்சம் மடங்கு. அதை நான்காம் படிக்கு உயர்த்தினால் 16-க்குப் பின்னால் 24 சுழியங்கள் வருகின்றன. பள்ளியில் படித்த பெருக்கலே அந்த வதந்தியை முடித்துவைத்திருக்கும். நம் வகுப்பறைகளில் கணக்கு மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

டேக் சொல்லும் எண் பெரும்பாலும் 96 பிட் நீளமுள்ளது (ஒரு பிட் என்பது ஒரு 0 அல்லது ஒரு 1). இது என்ன வகை எண் என்று சொல்ல 14 பிட், நிறுவனத்துக்கும் பொருளுக்குமாக 44 பிட், ஒவ்வொரு பீஸுக்கும் தனித்தனியான வரிசை எண்ணுக்கு 38 பிட். பார்கோடு "நீல நிறம், எம் சைஸ்" என்பதோடு நின்றுவிடும். இது அதே நீல எம் சைஸில் எந்தப் பீஸ் என்பதுவரை சொல்லும். 38 பிட்டில் 27,000 கோடிக்கும் மேற்பட்ட பீஸ்களுக்கு எண் கொடுக்கலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பெட்டிக்குள் 60 டேக். ரீடரின் அலை பட்டதும் அறுபதும் ஒன்றாக விழிக்கின்றன. எல்லாம் சேர்ந்து பதில் சொன்னால், வகுப்பில் அறுபது பிள்ளைகளும் ஒரே குரலில் "உள்ளேன் ஐயா" என்றது போல ஒரு பெயரும் விளங்காது. ஆசிரியராவது பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ரீடருக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. பக்கத்து டேக் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை. டேக்குக்கு ரீடரின் குரல் மட்டுமே கேட்கும், இன்னொரு டேக்கின் மெல்லிய எதிரொளிப்பு கேட்காது.

இதே சிக்கல் ஹவாய்த் தீவுகளில் வந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு 1971-இல் தீவுகளுக்கு இடையே வானொலி வழியாகக் கணினிகளை இணைத்தபோது, ஒரு தீவில் இருப்பவர் பேசுவது இன்னொரு தீவுக்குத் தெரியாது. அவர்கள் கண்ட தீர்வு: தோன்றும்போது பேசு, மோதினால் வேறொரு நேரத்தில் திரும்பப் பேசு. அதற்கு அலோஹா என்று பெயர் வைத்தார்கள். நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று லாரன்ஸ் ராபர்ட்ஸ் அதை மேம்படுத்தினார். விலை அட்டைக்குள் இருக்கும் சிப் இன்று செய்வது இதைத்தான்.

ரீடர் முதலில் ஒரு கேள்வியோடு கியூ என்ற எண்ணையும் அறிவிக்கிறது. கியூ 6 என்றால் 2-இன் ஆறாம் படி, அதாவது 64 துண்டுகள். ஒவ்வொரு டேக்கும் 0 முதல் 63 வரை ஏதாவது ஓர் எண்ணைத் தனக்குள் குலுக்கி எடுக்கிறது. 0 விழுந்த டேக் உடனே பதில் சொல்லும். தன் முழு எண்ணையும் சொல்லாது, 16 பிட்டில் ஒரு தற்காலிக எண்ணை மட்டும் சொல்லும். ரீடர் அதே எண்ணைத் திருப்பிச் சொன்னால், "கூப்பிட்டது என்னைத்தான்" என்று உறுதி செய்துகொண்டு, 96 பிட் எண்ணைப் பிழை சோதிக்கும் பிட்டுகளோடு அனுப்பும். பிறகு ரீடர் "அடுத்து" என்கிறது. எல்லா டேக்கும் தன் எண்ணில் ஒன்றைக் கழிக்கும். இப்போது 0-க்கு வந்தது எதுவோ அது பேசும்.

முழு எண்ணுக்கு முன்னால் அந்தச் சின்ன எண் எதற்கு? இரண்டு டேக் மோதினால் நீளமான பேச்சு முழுதும் வீணாகாமல் 16 பிட்டோடு போகிறது. எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு!

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 60 டேக், 64 துண்டு. சராசரியாகச் சுமார் 24 துண்டுகளில் ஒரே ஒரு டேக் விழும். இன்னொரு 25 துண்டுகள் காலியாகப் போகும். மிச்சமுள்ள 15 துண்டுகளில் 36 டேக்குகள் முட்டிக்கொள்ளும். படிக்கப்பட்ட 24-ம் தமக்குள் ஒரு கொடியை 'ஏ' பக்கத்திலிருந்து 'பி' பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு அமைதியாகிவிடும். 36-க்கு 32 துண்டு கொடுத்து மறுபடி குலுக்கினால் 12 கிடைக்கும். மீதி 24. அதற்கும் 32 கொடுத்தால் இன்னொரு 12. பிறகு 16 துண்டில் 6, 8 துண்டில் 3 என்று இறங்கும். எல்லாம் முடிய ஏறத்தாழ 160 துண்டுகள் ஆகும். 60-ஐ 160-ஆல் வகுத்தால் 0.375. முதல் சுற்றின் 24/64-உம் அதே 0.375. இது தற்செயல் இல்லை. டேக்கும் துண்டும் சம எண்ணிக்கையில் இருக்கும்போது தனியாகப் பேச வாய்ப்புக் கிடைக்கும் பங்கு, டேக்குகள் பெருகப் பெருக 1/e-ஐ, அதாவது 0.368-ஐ நெருங்கும் (e என்பது ஏறக்குறைய 2.718 என்ற கணித மாறிலி). இதைவிட அதிகத் துண்டு வைத்தால் காலி மிகும், குறைத்தால் மோதல் மிகும். கூட்டுவட்டியில் பார்த்த அதே e, பனியன் பெட்டிக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

உள்ளே எத்தனை என்று தெரியாமல் ரீடர் சரியான கியூவை எப்படித் தேர்ந்தெடுக்கும்? மோதல் கேட்டால் கொஞ்சம் கூட்டும், அமைதி கேட்டால் கொஞ்சம் குறைக்கும். அவ்வளவுதான். நொடிக்கு நூற்றுக்கணக்கான டேக்குகளை இப்படிப் படித்துவிடலாம் என்பதால் 60 என்பது கண்மூடித் திறக்கும் வேலை.

இப்போது அந்த 59.

முதலில் சந்தேகிக்க வேண்டியது எண் அச்சிட்ட இடத்தை. ஒரே எண் பட்டியலை இரண்டு முறை ஓட்டியிருந்தால் இரண்டு டேக்குகளுக்கு ஒரே 96 பிட் எண் விழுந்திருக்கும். ரீடர் இரண்டையும் படிக்கும், மென்பொருள் ஒன்றாக எண்ணும். கையால் எண்ணினால் 60, திரையில் 59. இதைக் கண்டுபிடிக்கச் சிப் செய்யும்போதே தொழிற்சாலையில் பதியப்படும் டி.ஐ.டி. எண்ணையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். டி.ஐ.டி. 60 வந்து, பொருள் எண் 59 வந்தால் குற்றம் அச்சில்.

டி.ஐ.டி.யும் 59 என்றால் பெட்டிக்குள் பாருங்கள். பாலிபேக்குகளை அழுத்தி அடுக்கும்போது இரண்டு விலை அட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிப் படுத்துவிடும். சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று சுருதி கெடுத்துக்கொள்ளும், ஒன்று விழிக்காமலே போகும். பனியன்களை ஒன்றுவிட்டு ஒன்று தலைமாற்றி அடுக்கினால் பெரும்பாலும் தீரும். மெட்டாலிக் ஃபாயில் பிரிண்ட், உலோக ஜிப் ஆகியவற்றின்மேல் அட்டை படியாமல் பாருங்கள். ஈரம் சரியாகக் காயாத துணியும் அலையை விழுங்கும். ஆன்டெனாவின் நுனி ரீடரைப் பார்த்தபடி நின்றால் டேக் கிட்டத்தட்ட குருடு. டனலில் நான்கு பக்கமும் ஆன்டெனா வைப்பது இதற்காகத்தான். உலோகச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடங்களும் உள்ளே உண்டு. பெட்டியை நிறுத்தி வைத்துப் படிக்காமல் மெதுவாக நகர்த்தியபடி படித்தால், இந்த இடத்தில் அகப்படாத டேக் சில செ.மீ. தள்ளி அகப்படும்.

இன்னொரு கோளாறு புதியவர்களைக் கலங்கடிக்கும். 59 வந்ததும் அதே பெட்டியை உடனே திரும்பத் தள்ளினால் இரண்டோ மூன்றோ மட்டும் காட்டும், சில சமயம் ஒன்றுமே காட்டாது. டேக்குகள் பழுதாகவில்லை. திருப்பிய கொடி இன்னும் 'பி' பக்கமே இருக்கிறது. கொடி எவ்வளவு நேரம் திரும்பியே நிற்கும் என்பதை ரீடர் அமைப்பில் 'செஷன்' என்ற எண் முடிவு செய்கிறது. அதில் 2 அல்லது 3 தேர்ந்தெடுத்திருந்தால், அலை நின்ற பிறகும் குறைந்தது 2 நொடி கொடி அப்படியே நிற்கும், பல சிப்புகளில் அதைவிட நீளும். பல்லாயிரம் டேக் உள்ள குடோனைச் சுற்றிவர அது நல்ல அமைப்பு. பெட்டி டனலுக்குச் செஷன் 0 அல்லது 1 போதும்.

சக்தியைக் கூட்டி 59-ஐ 60 ஆக்கப் பார்ப்பது பலரும் செய்வது. பக்கத்தில் வரிசையில் நிற்கும் பெட்டியின் டேக்கும் சேர்ந்து 61 ஆகும், அது இன்னும் மோசம். டனலின் வாயை மறைத்து, பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, அதன் பிறகே சக்தியைத் தொடுங்கள்.

இந்தச் சிப்புகளைப் பெருமளவில் செய்பவை என்.எக்ஸ்.பி., இம்பிஞ்ச் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள். சிப் ஆலைக்கு அரசு கோடிகளை ஒதுக்கட்டும், நல்லதே. அதில் சிறு துளியைக் கோவை, திருப்பூர் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தந்தால், வானொலி அலை எதிரொளிக்காத அறைகள் கட்டி, நம் துணி, நம் பெட்டி, நம் ஈரப்பதத்தில் டேக்குகளை அளந்து பார்க்கலாம். வாங்குபவர் சொன்ன டேக்கைக் கேள்வி கேட்காமல் ஒட்டுவதைவிட அது தொழிலுக்கு நல்லது.

வாசகி கடைசியாக, அலுவலக லேப்டாப், தையல் மிஷின் ஆகியவற்றுக்கும் இதே அட்டையை ஒட்டலாமா என்றும் கேட்டிருக்கிறார். ஒட்டக் கூடாது. உலோகப் பரப்பை ஒட்டி அதற்கு இணையான மின்புலம் சுழியமாகிவிடும், ஆன்டெனாவில் மின்னழுத்தமே எழாது. அடியில் சில மில்லிமீட்டர் நுரையோ செராமிக்கோ வைத்துச் செய்த, உலோகத்துக்கென்றே உள்ள டேக் வேண்டும். விலை பல மடங்கு. மிஷினில் ஒட்டும் இடத்தை எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், கை ரீடரோடு நடப்பவர் எங்கே நீட்ட வேண்டும் என்று தெரியும். ஸ்டீல் பீரோவுக்குள் பூட்டிய பொருள் படிக்கப்படாது, பீரோவைத் திறந்தாக வேண்டும். சிக்னல் வலுவாக இருந்தால் பொருள் பக்கத்தில் இருக்கிறது என்றும் நம்ப வேண்டாம். ஒரு சுவர் எதிரொளிப்பு அதைப் பொய்யாக்கிவிடும். டேக் தன் இருப்பிடத்தைச் சொல்வதில்லை. இந்த ரீடர், இந்த நேரத்தில் கேட்டபோது பதில் சொன்னது என்பது மட்டுமே பதிவாகும். வாசலில் ரீடர் வைத்தால் பொருள் உள்ளே வந்ததா வெளியே போனதா என்று அறிய, முன்னும் பின்னுமாக இரண்டு ஆன்டெனாக்கள் வைத்து, எது முதலில் படித்தது என்று பார்க்க வேண்டும். வருடாந்திரக் கணக்கெடுப்பில் படிக்கப்படாத பொருளைக் காணாமல் போனது என்று எழுதுவதற்கு முன் ஒருவர் நேரில் தேடியாக வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு டேக்கின் மேலும் கண்ணால் படிக்கும் எண்ணும் பார்கோடும் அச்சிட்டிருக்கட்டும்.