புளூட்டோ யாருடைய தாளத்துக்கு ஆடுகிறது?

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கவில்லை என்று சொல்லித்தானே புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்? புளூட்டோ நெப்டியூனின் பாதைக்குள் வந்து போகிறது. அப்படியென்றால் நெப்டியூனும் தன் பாதையைத் துப்புரவாக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அதை மட்டும் எப்படி விட்டுவைத்தார்கள்?"

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. 2006இல் அந்த வரையறை வந்தபோது வானியலாளர்கள் சிலரே கோபத்தோடு கேட்டதும் இதைத்தான். ஆனால் பதிலைத் தேடிப் போனால், புளூட்டோவும் நெப்டியூனும் போல நேர்த்தியான ஜோடி சூரியக் குடும்பத்தில் வேறு உண்டா என்று தோன்றிவிடும்.

முன்கதை பலருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1801ஆம் ஆண்டின் முதல் நாளில் இத்தாலியின் பலெர்மோவிலிருந்து பியாட்சி சீரிஸைக் கண்டார். 1807க்குள் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று மூன்று சேர்ந்தன. நான்கையும் பல பத்தாண்டுகள் கோள்கள் என்றே எழுதிவந்தார்கள். அதே வட்டாரத்தில் மேலும் மேலும் கிடைக்க ஆரம்பித்ததும் அவை மெல்லச் சிறுகோள்கள் ஆயின. யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. புளூட்டோ கதையும் கிட்டத்தட்ட அதேதான். 1930இல் கிளைட் டோம்பா கண்டுபிடித்தபோது பூமியோடு ஒப்பிடக்கூடிய எடை இருக்கும் என்று நம்பினார்கள். 1978இல் அதன் துணையான சாரன் தெரிந்து, கணக்குப் போட்டுப் பார்த்தால், நம் நிலவின் எடையில் ஆறில் ஒரு பங்கை ஒட்டித்தான் வந்தது. 1992இல் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும், நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பொருள்கள் சுற்றும் கைப்பர் பட்டையில் இன்னொரு பொருளைக் கண்டார்கள். பிறகு நூற்றுக்கணக்கில் வந்தன. 2005இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ், எடையில் புளூட்டோவைவிட 27 சதவீதம் அதிகம். இனி ஏரிஸையும் சேர்க்க வேண்டும், இல்லை புளூட்டோவையும் எடுக்க வேண்டும்.

2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் கூட்டத்தில் மஞ்சள் அட்டைகளைத் தூக்கிக் காட்டி வாக்களித்தார்கள். புளூட்டோ, ஏரிஸ் போன்ற 'குறுங்கோள்களும்' 'கோள்' என்ற பெரிய குடைக்குள் வருமா என்பதைப் புரியவைக்க, வானியலாளர் ஜோசலின் பெல் பர்னெல் மேடையில் உண்மையாகவே ஒரு குடையை விரித்துக் காட்டினார். வராது என்று முடிவானது. கோள் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். புளூட்டோ மூன்றாவதில் விழுந்தது.

'துப்புரவு' என்ற சொல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். கேட்டவுடன் பெருக்கித் தள்ளிய தரை மாதிரி ஒரு பாதை மனதில் வருகிறது. அப்படி ஒரு பாதை எந்தக் கோளுக்கும் கிடையாது. வியாழனின் பாதையிலேயே அதற்கு முன்னும் பின்னுமாக ஆயிரக்கணக்கான பாறைகள் ஓடுகின்றன. அந்த நிபந்தனை உண்மையில் அளக்க வந்தது வேறு: சுற்றுப்புறத்தில் யார் சொல் செல்லுகிறது?

ஒரு சிறு பாறை கோளுக்கு அருகே கடந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். கோளின் ஈர்ப்பு அதற்கு ஒரு தள்ளு கொடுக்கும். சில சமயம் பாறையின் வேகம் கூடும், சில சமயம் குறையும். வாயேஜர் விண்கலங்கள் வியாழனிடம் வேகம் வாங்கிக்கொண்டு போனது இதே வழியில்தான். பாறை சூரியனைச் சுற்றி மறுபடி வரும், மறுபடி ஒரு தள்ளு. கூட்டலா கழித்தலா என்பது ஏறக்குறைய நாணயம் சுண்டுவது போல. ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஓரடி முன்னே, பூ விழுந்தால் ஓரடி பின்னே நடந்து பாருங்கள். தொடங்கிய இடத்திலிருந்து நூறடி தள்ளிப் போக நூறு காலடி போதாது, சுமார் பத்தாயிரம் வேண்டும். காலடியின் நீளம் பாதியானால் பத்தாயிரம் நாற்பதாயிரமாகிவிடும். தள்ளின் வலு கோளின் எடையைப் பொறுத்தது. ஆகவே எடை பாதியானால், பாறையைச் சூரியக் குடும்பத்தை விட்டே துரத்த நான்கு மடங்கு காலம் பிடிக்கும். அப்புறம், ஒரு சுற்றுக்கு எத்தனை ஆண்டு ஆகிறதோ அந்த அளவுக்குத் தள்ளுகளுக்கு இடையிலான காத்திருப்பும் நீளும்.

இவ்வளவுதான் சூத்திரம். எடையின் வர்க்கத்தைச் சுற்றுக்காலத்தால் வகுக்க வேண்டும். இந்த மதிப்பு எவ்வளவு பெரிதோ, துரத்தும் காலம் அவ்வளவு குறைவு. கோள் ஆய்வாளர்கள் ஆலன் ஸ்டெர்னும் ஹரால்ட் லெவிசனும் 2002இல் இதை வெளியிட்டார்கள். அதன்படி பூமிக்குத் தன் வட்டாரத்தை ஒழுங்குபடுத்த ஒரு லட்சம் ஆண்டு வாக்கில் போதும். இப்போது புளூட்டோ. எடை பூமியில் 460இல் ஒரு பங்கு. வர்க்கம் எடுத்தால் இரண்டு லட்சத்துச் சொச்சம். சுற்றுக்காலம் 248 ஆண்டு. இரண்டையும் பெருக்கினால் பூமியைப் போல ஐந்து கோடி மடங்கு காலம், அதாவது ஐந்து லட்சம் கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்! எட்டுக் கோள்களில் கடைசியில் நிற்கும் செவ்வாய்க்கும், மற்றவற்றில் முன்னணியில் நிற்கும் புளூட்டோவுக்கும் இந்த மதிப்பில் லட்சக்கணக்கான மடங்கு இடைவெளி. நடுவே யாரும் இல்லை. இயற்கையே போட்டு வைத்திருக்கும் இப்படியொரு கோடு தெரியும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது சரியில்லை என்பது என் எண்ணம்.

சரி, வாசகியின் கேள்வி. நெப்டியூனின் பாதைக்குள் புளூட்டோ ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? 1979 முதல் 1999 வரை இருபதாண்டுகள் அது நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது. புளூட்டோவின் பாதை 17 பாகை சாய்ந்திருப்பதால் இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்வதில்லை. ஆனால் அதைக் காப்பாற்றுவது சாய்வு மட்டும் இல்லை. நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கும் நேரத்தில் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று முடிக்கிறது. 165ஐ மூன்றால் பெருக்குங்கள், 248ஐ இரண்டால் பெருக்குங்கள், தெரியும். அதனால், வேகமாக ஓடும் நெப்டியூன் ஒவ்வொரு முறை புளூட்டோவைப் பிடித்துத் தாண்டும்போதும், புளூட்டோ தன் பாதையின் தொலைவான முனையை ஒட்டியே இருக்கிறது. அது உள்ளே வரும் நேரத்தில் நெப்டியூன் வேறெங்கோ இருக்கும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 17 மடங்குக்கும் குறைவாக இரண்டும் நெருங்குவதே இல்லை.

இது தற்செயலாக அமைந்திருந்தால் என்றோ குலைந்திருக்கும். குலையாமல் இருப்பதற்குக் காரணமான இழுபறியைத்தான் நான் எத்தனை முறை யோசித்தாலும் அலுப்பதில்லை. நெப்டியூன் புளூட்டோவைத் தாண்டும் அந்தத் தருணத்தைச் சந்திப்பு என்று சொல்லிக்கொள்வோம். சந்திப்பு கொஞ்சம் தாமதமாகி, புளூட்டோ தொலைமுனையைத் தாண்டி உள்நோக்கி வரத் தொடங்கிய பிறகு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்திப்புக்கு முன் நெப்டியூன் பின்னால் இருந்து புளூட்டோவைப் பின்னுக்கு இழுக்கும். தாண்டிய பின் முன்னால் இருந்து முன்னுக்கு இழுக்கும். புளூட்டோ உள்ளே நெருங்கிக்கொண்டே இருப்பதால் இரண்டாவது இழுப்புக்குத்தான் வலு அதிகம். ஆக மொத்தத்தில் புளூட்டோவுக்கு முன்னோக்கி ஒரு தள்ளு. முன்னால் தள்ளினால் முந்திக்கொண்டு ஓடும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. ஆற்றல் கூடியதும் புளூட்டோவின் பாதை சற்று விரிகிறது, ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் நீள்கிறது, புளூட்டோ பின்தங்குகிறது. பின்தங்கியதை நெப்டியூன் அடுத்த முறை முன்கூட்டியே பிடித்துவிடுகிறது. சந்திப்பு தொலைமுனைப் பக்கம் திரும்பிவிட்டது. அளவுக்கு மீறித் திரும்பி, தொலைமுனைக்கு முன்பே சந்தித்தால் எல்லாம் தலைகீழாக நடந்து, சந்திப்பு மறுபடி பின்னுக்குத் தள்ளிப் போகும். சந்திப்பு நடக்கும் இடம் தொலைமுனையின் இரு பக்கமும் ஊஞ்சல் போல ஆடுகிறது. ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 20,000 ஆண்டுகள்.

புளூட்டோ இந்த ஊஞ்சலில் எப்படி ஏறியது? நெப்டியூன் ஆதியில் சூரியனுக்கு இன்னும் அருகில் இருந்து, பாறைகளைச் சிதறடித்தபடியே மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்தது என்றும், நகர்ந்த வழியில் புளூட்டோவை இந்த மூன்றுக்கு இரண்டு தாளத்தில் பிடித்துக்கொண்டது என்றும் வானியலாளர் ரேணு மல்ஹோத்ரா 1993இல் விளக்கினார். பிடிபட்டது புளூட்டோ மட்டும் இல்லை. அதே தாளத்தில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இன்று கிடைத்திருக்கின்றன.

ஆகவே வாசகிக்கு என் பதில்: புளூட்டோ அங்கே இருப்பது நெப்டியூனின் தோல்விக்குச் சாட்சி இல்லை, அதன் ஆட்சிக்குச் சாட்சி. தன் வட்டாரத்தில் வந்ததை நெப்டியூன் விழுங்கியது, வீசியெறிந்தது, மிஞ்சியதைத் தன் தாளத்துக்கு ஆடவைத்தது. கிரேக்கர்கள் அலைந்து திரிபவை என்று பொருள்படும் சொல்லை இவற்றுக்கு வைத்தார்கள். நம் 'கோள்' என்ற சொல்லோ, பிடித்துத் தனதாக்குவதைக் குறிக்கும் 'கொள்' என்பதிலிருந்து பிறந்தது. இந்த மூன்றாவது நிபந்தனைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்குமா தெரியவில்லை.

எதிர்த்தரப்பு சும்மா பேசவில்லை. அந்தச் சூத்திரத்தை எழுதிய ஸ்டெர்னே 2006 வரையறையைக் கடுமையாக எதிர்ப்பவர். புளூட்டோவுக்குப் போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலத் திட்டத்தின் தலைவரும் அவர்தான். 2015 ஜூலை 14 அன்று அந்தக் கலம் சுமார் 12,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது என்ன பார்த்தோம்? நீர்ப்பனியாலான மலைகள். அவற்றின் அடிவாரத்தில் உறைந்த நைட்ரஜன் சமவெளி, கொதிக்கும் கஞ்சியின் மேற்பரப்பு போலக் கட்டம் கட்டமாக, மெதுவாகப் புரண்டுகொண்டிருக்கிறது. நிலவியல் படித்த ஒருவருக்கு இது கோள் இல்லாமல் வேறென்ன? உருண்டையாகும் அளவு எடை இருந்து, விண்மீன்களைப் போல உள்ளே அணுப்பிணைவு நடக்காத எதுவும் கோள்தான் என்பது அவர்கள் முன்வைக்கும் வரையறை. அதன்படி நம் நிலவும், சனியின் துணையான டைட்டனும்கூட உள்ளே வரும், எண்ணிக்கை நூறைத் தாண்டும். ஒரு உலகம் எதனால் ஆனது என்று கேட்பவர்களுக்கு அது சரியான வரையறை. ஒரு குடும்பம் எப்படி அமைந்திருக்கிறது என்பது என் கேள்வி, அதனால் நான் மற்ற பக்கம் நிற்கிறேன்.

இந்தப் பெயர்ச் சண்டையில் பணம் நுழைவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. புளூட்டோவுக்கான முந்தைய திட்டத்தை நாசா 2000இல் கைவிட்டது, புளூட்டோ கோளாக இருந்த காலத்திலேயே. பட்டியலில் பெயர் இருப்பதால் ஒரு உலகத்துக்கு விண்கலம் கிடைப்பதும், இல்லாததால் மறுக்கப்படுவதும் அறிவியலுக்கு அடுக்காது. ஏரிஸுக்கு இதுவரை ஒரு கலமும் போகவில்லை.

2006 வரையறையின் எழுத்தில் குறை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அது சூரியனைச் சுற்றுபவற்றுக்கு மட்டும்தான் பொருந்தும். பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் இன்று 6,000ஐத் தாண்டிவிட்டன. 2024இல் மார்கோ, கிளாட்மன், யாங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எந்த விண்மீனுக்கும் பொருந்தும்படி எடையை வைத்தே ஒரு மாற்று வரையறையை முன்வைத்தார்கள். அதன் திசை எனக்குச் சரியாகப் படுகிறது.

இடத்தைப் பொறுத்துத் தகுதி மாறலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. பூமியைக் கொண்டுபோய் புளூட்டோவின் இடத்தில் வைத்தால் தோற்றுவிடும் என்று சிலர் சொல்வது, மேலே பார்த்த கணக்குப்படி தவறு. இரண்டரைக் கோடி ஆண்டில் தேறிவிடும். புதனை வைத்தால் 800 கோடி ஆண்டு தேவைப்படும், சூரியக் குடும்பத்தின் வயதோ 460 கோடி. சிலியில் உள்ள வெரா ரூபின் ஆய்வகம் இப்போது தென்வானம் முழுவதையும் திரும்பத் திரும்பப் படம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. பூமி இருக்கும் தூரத்தைப் போல 400 மடங்கு தொலைவில், செவ்வாய் அளவில் ஒன்று அதில் சிக்கினால்? ஒரு சுற்றுக்கே 8,000 ஆண்டு எடுக்கும் அது, தன் வட்டாரத்தை ஒழுங்குபடுத்த ஏழாயிரம் கோடி ஆண்டு கேட்கும். புதனைவிடப் பெரிய ஒன்றைக் குறுங்கோள் என்று எழுத யாருக்கும் கை வராது. அன்றைக்கு அந்த மஞ்சள் அட்டைகளை மறுபடி வெளியே எடுக்க வேண்டியதுதான்.