கரண்ட் வைக்கிற வைத்தியத்துக்குப் பெயர் இயன்முறை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்காவது பிடரி வலி நாள்பட்டுப் போனால் பக்கத்து வீட்டு அக்கா சொல்வது இதுதான்: "கயுத்துக்குப் பத்து நாள் கரண்ட் வெச்சுக்கோ, சரியாப் பூடும்." பிசியோதெரபி என்ற சொல் அக்காவுக்கும் தெரியும், ஆனால் வாயில் வருவது கரண்ட்தான். அரசு மருத்துவமனைப் பலகையில் அதுவே இயன்முறை சிகிச்சை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இதே பெயர். பலகையைப் படிக்கிற பலர், ஏதோ இயற்கை வைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நினைப்பதில் தப்பில்லை. இரண்டு சொல்லுக்கும் வேர் 'இயல்'தான். லகரத்துக்குப் பின் வல்லினம் வந்தால் றகரமாகும், மெல்லினம் வந்தால் னகரமாகும். அதனால்தான் அங்கே இயற்கை, இங்கே இயன்முறை. நல்ல மொழி நன்மொழி ஆவதும் இப்படித்தான்.

பிசியோதெரபி கிரேக்க வேர்களில் கட்டிய சொல். பிசிஸ் என்றால் இயற்கை. தெரபேயா என்றால் முதலில் பணிவிடை, அப்புறம் குணப்படுத்துதல். முன்பாதிக்கு 'இயல்' கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழ்ச் சொல்லில் இன்னும் கொஞ்சம் சரக்கு உண்டு. இயலும் என்றால் முடியும், முடியாதபோது இயலாமை. பழந்தமிழில் இயலுதலுக்கு நடத்தல் என்ற பொருளும் இருக்கிறது. தன்மை, அசைவு, திறன் மூன்றும் ஒரே வேரில். கிரேக்கக் கூட்டுச்சொல்லில் அசைவு எங்கும் இல்லை.

இந்தத் தொழிலுக்குப் பெயர் வைப்பதில் மற்ற ஊர்க்காரர்களும் தடுமாறியிருக்கிறார்கள். 1894-இல் இங்கிலாந்தில் 4 செவிலியர் தொடங்கிய சங்கம், பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களின் சங்கம் என்றே பெயர் வைத்துக்கொண்டது. 1944-இல்தான் பிசியோதெரபி பெயருக்குள் வந்தது. சுவீடனில் 2014 வரை இவர்களுக்கு 'நோயாளி ஜிம்னாஸ்ட்' என்கிற மாதிரி ஒரு பட்டம். ஒருவர் கண்ணில் தடவுகிற கை பட்டது, ஒருவர் கண்ணில் பயிற்சி. எங்கள் தெருவின் கண்ணில் பட்டது மின்பெட்டி.

அந்தப் பெட்டி கழுத்துக்கு என்ன செய்கிறது? தோலில் பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். வலி கொஞ்ச நேரம் மட்டுப்படும். சூடு வைப்பதும் அப்படியே. அதற்கு நம்மிடம் ஒத்தடம் என்ற அருமையான சொல் இருக்கிறது, ஒற்றி எடுப்பதால் ஒற்றடம், அது பேச்சில் ஒத்தடம். கழுத்தைப் பட்டையில் மாட்டி மெல்ல இழுத்தால் இழுவை. கையால் மூட்டை அசைத்துக் கொடுப்பதும் உண்டு. ஆனால் 3 மாதத்துக்கு மேல் நிற்கும் வலிக்குப் பலமான மருந்து பயிற்சிதான். தலை ஏறக்குறைய 5 கிலோ. எம்.சி. ரோடு துணிக்கடையில் குனிந்து தைக்கிறவருக்கும், ராத்திரி முழுக்கப் போனைப் பார்க்கிற என்னைப் போன்றவருக்கும் அதைத் தாங்குவது பிடரித் தசைகள். ('கால் பிடரியில் பட ஓடினான்' என்கிறோமே, அதே பிடரி.) முன்கழுத்தின் ஆழத் தசைகளும் தோள்பட்டைத் தசைகளும் வலுத்தால் பிடரியின் பாரம் குறையும். அதற்காகத் தாடையை உள்ளே இழுத்து, இரட்டைத் தாடை விழுகிற மாதிரி சில நொடி பிடிக்கச் சொல்வார்கள். கண்ணாடி முன்னால் செய்தால் சிரிப்பு வரும்.

நான் பத்து நாள் கரண்ட் வைத்துக்கொண்டு, பயிற்சியை விட்டுவிட்டவன். இரண்டே மாதத்தில் வலி திரும்பிவிட்டது. கழுத்துப் பட்டியையும் கழற்றாமல் மாட்டியிருந்தேன். நாள்கணக்கில் போட்டால் தசை இன்னும் தளரும் என்று பிறகுதான் சொன்னார்கள். கை மரத்துப்போகிறது, பிடி நழுவுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் மட்டும் கரண்டுக்கும் பயிற்சிக்கும் முன்னால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

எழுதும்போது இயன்முறை மருத்துவம், ஆளைச் சொல்லும்போது இயன்முறை மருத்துவர் என்பது என் வழக்கம். இயன்மருத்துவம் என்று சுருக்கினாலும் சரியே. உடற்பயிற்சி சிகிச்சை என்பது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. ஒத்தடமும் இழுவையும் அதற்குள் அடங்காது. அக்காவிடம் ஒருநாள் இந்த இயல், இயலும், இயலாமை எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிபா, கரண்ட் வெப்பாங்கல்ல?" என்றார்.