ஃபுல் ஃபிரேம்: எதன் முழுசு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பசாரில் யாரிடமாவது 'ஃபிரேம்' எங்கே என்று கேட்டால் சாமிப் படக் கடையைத்தான் காட்டுவார்கள். முருகன் படத்துக்குச் சட்டம் அடிப்பதும் காலமான தாத்தாவின் படத்துக்குக் கண்ணாடி போடுவதும்தான் எங்கள் ஊருக்கு ஃபிரேம். 'ஃபுல் ஃபிரேம் வாங்கப் போறேன்' என்று நான் வீட்டில் சொன்ன அன்று அம்மா கேட்டார்: "மரத்துலயா, பிளாஸ்டிக்லயாய்யா?" அப்போது சிரித்தேன். கல்யாணம், காதுகுத்து, தீமிதி என்று கேமராவும் கையுமாக அலையும் எங்களிடம் 'ஃபுல்' என்றால் எதில் ஃபுல் என்று கேட்டிருந்தால் முழித்திருப்போம்.

இன்றைய வழக்கில் இந்தச் சொல் ஓர் அளவைக் குறிக்கிறது. டிஜிட்டல் கேமராவுக்குள் ஒளியை வாங்கும் உணரி 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் இருந்தால் அது ஃபுல் ஃபிரேம். படத்தின் தரத்தையோ கேமராவின் விலையையோ இந்தச் சொல் சொல்வதில்லை. எந்த லென்ஸ் அதில் மாட்டும் என்பதையும் சொல்வதில்லை. நாங்கள் ஏமாறுவது அந்தக் கடைசி விஷயத்தில்தான்.

சொல்லின் பிறப்பு சினிமாவில். பிலிம் சுருளில் வரிசையாக இருக்கும் தனித்தனிப் படம் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். சினிமாவின் 35 மி.மீ. பிலிமில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 24-க்கு 18 மி.மீ. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், 1913-14 வாக்கில் அந்தச் சினிமா பிலிமையே கைக்கடக்கமான கேமராவுக்குள் படுக்கைவாட்டில் ஓடவிட்டார். இரண்டு சினிமாக் கட்டங்களைச் சேர்த்து ஒரு படமாக்கினார்: 36-க்கு 24. அது 1925-இல் லைக்கா என்ற பெயரில் கடைக்கு வந்தது. அந்த 35 என்ற எண் ஓரத்து ஓட்டைகளையும் சேர்த்த பிலிமின் அகலம். படத்தின் எந்தப் பக்கமும் 35 கிடையாது.

அப்போது அதை யாரும் 'ஃபுல்' என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. முழுக்கைச் சட்டைக்கு அந்தப் பெயர் வந்தது அரைக்கைச் சட்டை வந்த பிறகுதானே! 1959-இல் ஒலிம்பஸ் பென் கேமரா அதே பிலிமில் பாதிக் கட்டத்தில் படம் எடுத்தது. 36 படச் சுருளில் 72 படம். அப்படி 'ஹாஃப் ஃபிரேம்' புழங்கியபோது பழையதை 'ஃபுல்' என்று பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது. டிஜிட்டலிலும் அதே கதைதான். 1999-இல் வந்த நிக்கான் டி1, பழைய லென்ஸ்களையே ஏற்றுக்கொண்டாலும் அதன் உணரி பிலிம் கட்டத்தைவிடச் சிறியது. பெரிய உணரி செய்வதற்கு அன்று செலவு அதிகம். இந்தச் சிறிய அளவுக்கு ஏபிஎஸ்-சி என்று பெயர். அதுவும் 1996-இல் வந்த ஒரு பிலிம் முறையிலிருந்து வந்ததுதான். 2002-இல் கான்டாக்ஸ் என் டிஜிட்டலும் கேனன் இஓஎஸ்-1டிஎஸ்-ஸும் பழைய 36-க்கு 24-ஐ டிஜிட்டலில் கொண்டுவந்தன. 'ஃபுல்' என்பது பழைய பிலிம் கட்டத்தின் முழுசு, அவ்வளவே. இதைவிடப் பெரிய உணரிகளும் உண்டு: ஃபூஜியின் ஜிஎஃப்எக்ஸ் கேமராவில் ஏறக்குறைய 44-க்கு 33.

தமிழில் என்ன சொல்வது? 'முழுச்சட்டம்' என்று எழுதினால் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது போல இருக்கிறது. 'சட்டகம்' நல்ல சொல், குழப்பம் இல்லை. ஆகவே கேமராவுக்கு 'முழுச்சட்டகக் கேமரா', உள்ளே இருப்பதற்கு 'முழுச்சட்டக உணரி'. இது போதும்.

லென்ஸுக்கு வரும்போதுதான் எனக்கு ஒப்பவில்லை. 'ஃபுல் ஃபிரேம் லென்ஸ்' என்று கடையில் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் லென்ஸுக்குச் சட்டகமே கிடையாது. அது பின்னால் விழச் செய்வது ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் உணரியின் நான்கு மூலையும் அடங்க வேண்டும். முழுச்சட்டக உணரியின் மூலைக்கு மூலை 43.3 மி.மீ., ஏபிஎஸ்-சியில் சுமார் 28. தேத்தண்ணி சாசர்மேல் ஒரு தபால் அட்டையை வைத்துப் பாருங்கள், நான்கு மூலையும் வெளியே நீட்டும். சோற்றுத் தட்டின்மேல் வைத்தால் உள்ளே அடங்கிவிடும். அட்டைதான் உணரி, தட்டுதான் லென்ஸின் வட்டம். 'பட வட்டம்' என்று சொல்லலாம்.

சாசர் கதையை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஈப்போவில் ஒரு கடையில், யாரோ பயன்படுத்திய 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை (இந்த 35 லென்ஸின் குவியத் தூரம், பிலிமின் அகலம் இல்லை) 400 வெள்ளிக்கு வாங்கினேன். "உங்க ஃபுல் ஃபிரேமுக்கு அப்படியே போடலாம் அண்ணே" என்றார் விற்றவர். பொய்யில்லை, போட்டுத் திருகினால் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. மறுநாள் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை தாலியை எடுத்து முதல் முடிச்சு போடுகிற படத்தை இரவில் கணினியில் திறந்தால், நடுவில் வெளிச்சம், நான்கு மூலையிலும் கரி பூசியது போல இருட்டு. நாதஸ்வரக்காரரின் முகம் பாதி அந்தக் கரிக்குள் போயிருந்தது. வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். பெண்ணின் அத்தை ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "என்ன தம்பி, ரொம்பக் கிட்டத்துல நின்னு எடுத்திருக்கே" என்றார்.

அந்த லென்ஸின் வாய், அதாவது கேமராவில் பூட்டும் மவுண்ட், என் கேமராவுக்கு உரியது, வட்டம் உரியதில்லை. லென்ஸில் மின் தொடர்பு இருந்திருந்தால் கேமராவே சிறிய வட்டம் என்று கண்டுகொண்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்திருக்கும். அப்படி எடுத்தால் 24 மெகாபிக்சலில் ஏறக்குறைய 10 தான் மிஞ்சும். இது கையால் குவியம் (ஃபோகஸ்) சுழற்றும் லென்ஸ், தான் யார் என்று கேமராவிடம் சொல்லத் தெரியாது.

'கம்பேட்டிபிள்' என்று கடையில் சொல்வதற்குத் தமிழில் புதுச்சொல் தேடவே வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது: பொருத்தம். சாதகத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம் லென்ஸுக்கு இரண்டு பொருத்தமாவது பார்க்கலாம். மவுண்ட் என்பதைச் சிலர் 'ஏற்றம்' என்று எழுதுகிறார்கள். எனக்குக் கிணற்றடிதான் நினைவுக்கு வருகிறது. குடத்துக்கும் பாட்டிலுக்கும் வாய் உண்டு, கேமராவுக்கும் அதுவே. 'பொருத்துவாய்' என்றால் ரப்பர் பால் எடுத்த எங்கள் பாட்டிக்கும் புரியும். பொருத்துவாய் ரஜ்ஜு மாதிரி, அது தட்டினால் மேலே பேச்சில்லை. அடுத்து வட்டப் பொருத்தம்.

வட்டத்தை லென்ஸின் பெயரிலுள்ள எழுத்துகளே காட்டிக்கொடுக்கும். நிக்கானில் டிஎக்ஸ் என்றிருந்தால் சிறியது. சோனியில் எஃப்இ பெரியது, வெறும் இ சிறியது. சிக்மாவில் டிஜி பெரியது, டிசி சிறியது. டாம்ரானில் டிஐ பெரியது, டிஐ 2 சிறியது. கேனனில் மட்டும் கவனம் கூடுதலாக வேண்டும்: இஎஃப்-எஸ் லென்ஸை முழுச்சட்டக டிஎஸ்எல்ஆரில் (உள்ளே மடங்கும் முகக்கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா) மாட்டவே முடியாது. ஆர்எஃப்-எஸ் லென்ஸ் அந்தக் கண்ணாடி இல்லாத முழுச்சட்டக 'மிரர்லெஸ்' கேமராவில் மாட்டும், ஆனால் படம் நடுவில் வெட்டுப்படும்.

வாய் வேறாக இருந்தால் இடையில் ஒரு வளையம் போடலாம், அடாப்டர். இதற்கு 'இடைவளையம்' என்பது நல்ல பெயர். இது ஒருவழிப் பாதை. வாயிலிருந்து உணரிக்கு உள்ள தூரம் பழைய நிக்கான் எஃப்-இல் 46.5 மி.மீ., கேனன் இஎஃப்-இல் 44. புதிய சோனி இ-யில் 18, கேனன் ஆர்எஃப்-இல் 20, நிக்கான் இசட்-இல் 16. பழைய லென்ஸுக்கும் புதிய கேமராவுக்கும் நடுவே வளையம் நிற்க இடம் இருக்கிறது. புதிய லென்ஸைப் பழைய கேமராவில் போட அந்த இடம் இல்லை. வளையம் போட்டாலும் தானியங்கிக் குவியம் வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் கேமராவின் மோட்டாரை நம்பியவை; நிக்கானின் எஃப்டிஇசட் வளையத்தில் மோட்டார் இல்லை.

'லென்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் அது ஒரு பருப்பின் பெயர், நம் மைசூர்ப் பருப்பு. உடைக்காத ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இரு பக்கமும் உப்பி, ஓரம் மெலிந்து, அசல் குவிலென்ஸ். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'குவிலென்சு' என்று விட்டுவிட்டன, இலங்கைத் தமிழில் 'வில்லை'. கற்பூர வில்லை கொளுத்துகிற நமக்கு அந்தச் சொல் அந்நியமில்லை. மலாயில் லென்ஸுக்குக் 'கந்தா' என்கிறோம்; உருப்பெருக்கிக்கு 'சூர்யகந்தா' என்ற சொல்லும் அங்கு உண்டு. வெயில் பட்டால் நெருப்பு உமிழும் என்று நம் நூல்கள் சொல்லும் சூரியகாந்தக் கல்தான் அது. 'ஆடி' என்று மட்டும் எழுத வேண்டாம், அது ஒளியைத் திருப்பி அனுப்பும் முகக்கண்ணாடி. ஆக, 'முழுச்சட்டகத்துக்கான வில்லை'. கொஞ்சம் நீளம்தான். பேச்சில் லென்ஸ் என்றே இருக்கட்டும், யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

சென்ற மாதம் சாமிப் படக் கடை அண்ணன் மேசை இழுப்பறையைத் திறந்து, பிலிம் காலத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வைத்திருந்த 50 மி.மீ. லென்ஸை எடுத்துக் கொடுத்தார். "இது உன் ஃபுல் ஃபிரேமுக்கு ஆகுமா பாரு." பிலிமுக்குச் செய்தது, அதனால் வட்டம் 36-க்கு 24-ஐ நிரப்பும், ஓர் இடைவளையம் போதும். கைப்பேசி விளக்கைப் பின்னாலிருந்து அடித்துப் பார்த்தேன். எங்கள் ஊர் ஈரத்தில் உள் வில்லையின் ஓரத்தில் பூஞ்சை சிலந்திக்கூடு மாதிரி படர்ந்திருந்தது. துடைக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.