கேம் கால்: தமிழில் விளிப்பொறி

எலக்ட்ரானிக் கேம் கால் என்று காட்பாடியில் யாரிடமாவது சொன்னால் விளையாட்டில் கால் உடைந்த கதை என்றுதான் நினைப்பார்கள். ஆங்கிலத்தில் கேம் என்றால் முதலில் கேளிக்கை, அப்புறம் பிரபுக்களின் பெரிய கேளிக்கையே வேட்டையாக இருந்ததால் வேட்டையில் அடிபடும் விலங்குக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. கால் என்பது விலங்கைக் கூப்பிடும் குரல், அந்தக் குரலை எழுப்பும் ஊதலும் கூட.

எலக்ட்ரானிக் வகை, பதிவு செய்த குரல்களை ரிமோட்டில் ஒலிக்கும் ஸ்பீக்கர்தான். அமெரிக்காவில் காக்கை வேட்டைக்காரர் மறைந்து உட்கார்ந்துகொண்டு, ஸ்பீக்கரைத் தள்ளி வைத்து, காக்கைகள் ஆந்தையோடு சண்டை போடும் சத்தத்தை விடுவார். கேட்ட காக்கையெல்லாம் ஆந்தையை விரட்டக் கூட்டமாக வந்துவிடும். முயல் அலறினால் நரி வரும். அங்கேயே வாத்து போன்ற வலசைப் பறவைகளுக்குப் பதிவொலி கூடாது (பனி வாத்துக்கு மட்டும் விலக்கு உண்டு), காக்கைக்குப் பல மாநிலங்களில் தடையில்லை.

சரி, தமிழில்? நம் பக்கம் வாயாலேயே குரல் கொடுத்து அழைப்பதும், பழக்கிய கௌதாரியைக் கூண்டில் கத்தவிட்டுக் காட்டுக் கௌதாரியைக் கண்ணிக்குள் இழுப்பதும் பழைய வித்தை. இப்படிப் பழக்கிய விலங்குக்குப் 'பார்வை' என்று பெயர். காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்ற வேட்டுவர் வீட்டு விளாமரத்தில் கட்டிக் கிடப்பது அந்தப் பார்வை மான்தான். ஆனால் அது உயிருள்ளது, கருவிக்கு ஒட்டாது. கரைதல் என்ற சொல் இன்னும் நெருக்கம். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்ற குறளில் காக்கை இனத்தைக் கூப்பிடுகிறது, நாமும் அமாவாசைக்குச் சோறு வைத்து அதே குரலில் கூப்பிடுகிறோம். நரிக்கும் மானுக்கும் மட்டும் அது பொருந்தாது.

அதனால் என் ஓட்டு விளிப்பொறிக்கு. விளித்தல் கூப்பிடுவது, பொறி என்றால் இயந்திரமும் கண்ணியும். போதாததற்கு விளிதல் என்றால் சாவு! மின் என்று முன்னால் சேர்ப்பது உங்கள் விருப்பம்.

வாங்கி அமிர்திக் காட்டுக்குத் தூக்கிப் போகலாமா என்றால், கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது, அதற்கான முயற்சி எல்லாமே வேட்டைதான். காக்கையைத் தீங்குயிர், அதாவது வேட்டையாடினால் குற்றமில்லாதது என்று ஒதுக்கியிருந்த ஐந்தாம் அட்டவணையையும் 2022 திருத்தம் எடுத்துவிட்டது.