64 ஜிபி கேட்டால் 64 ஜிபி கொடுக்காதீர்கள்

போன ஐப்பசி அடைமழையில் மன்னார்குடிப் பக்கம் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். "காலையில் பத்து மணிக்கு மேல் பில்லிங் நகரவே மாட்டேங்குது சார், புது சர்வர் வாங்கிடலாமா?" என்றார் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. கொட்டேஷன்கூடத் தயார்.

இருந்தது ஒரே சர்வர், 128 ஜிபி ரேம், ஒரே சர்வரைப் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களாக (விஎம்) பிரித்து ஓட்டும் விஎம்வேர். விஎம்களுக்கு ஒதுக்கியதைக் கூட்டினால் 176 வந்தது. டேட்டாபேஸுக்கு மட்டும் 64. ஏன்? "சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் கேட்டார் சார்."

தலைமடையில் மதகை முழுசாகத் திறந்தால் கடைமடைக்கு என்ன மிஞ்சும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கும் அதே கதைதான். விஎம்வேரில் ஷேர் என்கிற உரிமைப் பங்கு, நாம் மாற்றாத வரை, ஒதுக்கிய மெமரி அளவை வைத்தே கணக்காகும். ஒரு எம்பிக்கு 10. அதனால் 64 ஜிபி விஎம்மோடு மல்லுக்கட்டி 8 ஜிபி பில்லிங் விஎம் ஜெயிக்காது. ஹோஸ்டில், அதாவது விஎம்கள் ஓடும் அந்த சர்வரில், ரேம் தட்டுப்பட்டால் முதலில் பலூன் டிரைவர் என்கிற சின்ன புரோகிராம் விஎம்களிடமிருந்து மெமரியைத் திரும்ப வாங்கும். அந்த டிரைவர், விஎம்முக்குள் போடும் விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை சாஃப்ட்வேரோடு வருவது. பில்லிங் விஎம்மில் டூல்ஸே போடவில்லை! அதனால் அதன் மெமரி, ரேமைவிட ரொம்ப மெதுவான டிஸ்க்கில் ஸ்வாப்பாகிக் கிடந்தது.

"டேட்டாபேஸ் 95 சதவீதம் ரொம்பியிருக்கே சார்?" என்றார் தம்பி. ரொம்பத்தான் செய்யும். டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான எஸ்கியூஎல் சர்வரில் மேக்ஸ் சர்வர் மெமரி என்கிற உச்சவரம்பு, நாம் மாற்றாத வரை, 2,14,74,83,647 எம்பி என்றுதான் வரும். வரம்பே இல்லை என்று அர்த்தம். கொடுத்ததையெல்லாம், படித்த டேட்டாவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் கேஷாக வைத்துக்கொள்ளும். அதற்காக, விஎம்வேரை மேய்க்கும் விசென்டர் திரையில் வரும் 'ஆக்டிவ்' எண்ணை மட்டும் நம்பி வெட்டிவிடாதீர்கள். அது சமீபத்தில் தொட்ட மெமரிப் பக்கங்களைச் சாம்பிள் எடுத்துப் போடும் மதிப்பீடு. டேட்டாபேஸ் விஷயத்தில் குறைத்தே காட்டும். டேட்டாபேஸுக்கு உள்ளே போய், ஒரு பக்கம் கேஷில் எத்தனை விநாடி தங்குகிறது என்று சொல்லும் பேஜ் லைஃப் எக்ஸ்பெக்டன்ஸி பாருங்கள். லினக்ஸ் என்றால் ஃப்ரீ கமாண்டில் 'அவைலபிள்' என்ற நெடுவரிசை.

பேராசைப்பட்டு நான் முதலில் டேட்டாபேஸின் 64ஐ 32 ஆக்கினேன். சாதாரண நாட்களில் ஓடியது. மாதக் கடைசி ரிப்போர்ட்டில் படுத்துவிட்டது. ஓடும் விஎம்முக்கே மெமரி கூட்டும் ஹாட் ஆட் வசதியை ஏற்கெனவே ஆன் செய்து வைத்திருந்ததால் ஓட்டத்திலேயே 40க்கு ஏற்றி, மேக்ஸ் மெமரியை 34ல் நிறுத்தினேன். ஏற்றுவது சுலபம். இறக்க வேண்டுமென்றால் விஎம்மை அணைக்க வேண்டும். அதாவது ஞாயிறு ராத்திரி நாம் தூங்கக்கூடாது.

அப்ளிகேஷன் விஎம்தான் பெரிய கூத்து. 32 ஜிபி கொடுத்திருந்தார்கள், உள்ளே ஜாவா புரோகிராம் தன் டேட்டாவுக்கு எடுத்துக்கொள்ளும் இடமான ஹீப் 6 ஜிபிதான். 12 ஆக்கினோம், ஒருவருக்கும் தெரியவில்லை. மற்றதையும் தட்டிக்கொட்டியதில் மொத்தம் 104. ரிசர்வேஷன், அதாவது உத்தரவாதமான ரேம், வைக்காத விஎம்முக்கு, ஒதுக்கிய அளவுக்கே டிஸ்க்கில் ஒரு ஸ்வாப் ஃபைல் உண்டு. அந்த இடமும் மிச்சம்.

சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் இன்னும் 64 கேட்டு மெயில் போடுகிறார். தம்பி பதிலுக்குப் பேஜ் லைஃப் கிராஃபை அனுப்பிவைக்கிறார்.